போஸ்டரில் இருக்கும் பையன்

அன்புள்ள மகனுக்கு அம்மாவும் அப்பாவும் எழுதிக்கொள்வது. கை மட்டும் உன் தங்கையான என்னுடையது. நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். அம்மா சொல்வதை அம்மாவின் வார்த்தையிலேயே எழுதுவேன், நான் பார்த்ததை நான் பார்த்தபடி எழுதுவேன், "இதை எழுதாதே" என்று அம்மா சொன்னால் அப்படிச் சொன்னதையும் சேர்த்து எழுதுவேன். அப்பா இதைக் கேட்டுவிட்டு, "உங்கம்மா கடுதாசி எழுத ஆள் கேட்டா, கோர்ட்டு கிளார்க் வந்து உக்காந்திருக்கு" என்றார்.

இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம்தான் அண்ணா, மனசைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி படி ஏறும்போது மட்டும், அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை அதே அளவு, நான் இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது, அங்கே குளிர் குறைந்ததா, வேலை முடிந்து வந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா இல்லை ரெண்டு துண்டு ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுத்துவிடுகிறாயா என்று முதலில் கேட்கச் சொன்னாள் அம்மா. இதையெல்லாம் போனிலேயே கேட்டிருப்போம், நீதான் பத்து நாளாக எடுப்பதில்லை, "நல்லா இருக்கேன், வேலை ஜாஸ்தி" என்று மெசேஜ் மட்டும் வருகிறது. இந்த வாரத்தில் அம்மா ஐந்து முறை கடிதம் எழுத உட்கார்ந்து ஐந்து முறையும் கிழித்துப் போட்டாள். குப்பைக் கூடையில் எடுத்துப் பார்த்தேன், ஐந்திலும் "அன்புள்ள" என்ற ஒரு வார்த்தைதான் இருந்தது. கடைசியில், "நீ எழுது பாப்பா, உனக்குத்தான் பக்கம் பக்கமா வருமே" என்றாள். அதனால் இப்போது என் பள்ளிக்கூட ஹாலில், புத்தக விற்பனை முடிந்த மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சனிக்கிழமை, மாலை மணி ஆறு. அப்பா விற்காத புத்தகங்களை ஏற்றிக்கொண்டு போக அச்சகத்து வேனை எடுத்துவரக் கிளம்பிவிட்டார், அம்மா எதிரில் உட்கார்ந்து புத்தகக் கட்டுகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டே சொல்கிறாள்.

உனக்குத் தெரிந்தவை சில இதில் வரும், வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு எழுத வருகிறது, பொறுத்துக்கொள். இந்த வருட ஆரம்பத்தில் அம்மா வேலை செய்யும் தையல் கடைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது, குழந்தைகள் வார்டு ஜன்னல்களுக்கெல்லாம் புதுத் திரை. அளவெடுக்க வேறு ஆள் இல்லாமல் அம்மா போனாள். உன் தம்பி, நம் சிட்டு, ரத்தப் புற்றுநோயோடு இரண்டு வருடம் படுத்திருந்து ஒன்பது வயதில் போய்ச் சேர்ந்த அதே வார்டு. பதினாலு வருடமாக அந்தத் தெருப்பக்கமே போகாமல் சுற்றிப் போகிறவள், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படியேறினாளாம். அங்கே ஒரு சின்னப் பெண், கையில் ஊசியும் குழாயுமாகக் கட்டிலை விட்டு இறங்கி, தரையில் டைல்ஸை எண்ணிக்கொண்டு நடந்து, ஆறாவது டைல்ஸில் நின்றுவிட்டது. மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற பம்ப்பின் வயர் சுவரோடு சேர்ந்திருக்கிறது, அவ்வளவு தூரம்தான் எட்டும். சிட்டுவும் அப்படித்தான் ஆறு டைல்ஸ் எண்ணுவானாம், "எங்க நாடு ஆறு டைல்ஸ்தான், அதுக்கு மேல பாஸ்போர்ட் வேணும்" என்பானாம். பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று இருந்தால் குழந்தை அதைத் தள்ளிக்கொண்டே ஜன்னல் வரைக்கும், விளையாட்டு அறை வரைக்கும் போகலாம், மருந்து நிற்காது, ஆனால் அந்த வார்டில் இருப்பது ஒன்றே ஒன்று. அம்மா திரைத்துணி அளவோடு அந்தப் பம்ப்பின் விலையையும் எழுதிக்கொண்டு வந்தாள். பழைய புத்தகம் திரட்டி விற்கலாம் என்றது மட்டும் என் யோசனை, இதைப் பெருமைக்காக எழுதவில்லை, உண்மை என்பதற்காக எழுதுகிறேன்.

இனி போஸ்டர் விஷயம். "இதைச் சுருக்கமா எழுது" என்கிறாள் அம்மா. சுருக்கமாக எழுத முடியாது. அப்பா அச்சகத்தில் வேலை முடிந்த பிறகு சொந்தச் செலவில் முந்நூறு போஸ்டர் அடித்தார். போட்டோவை ஆல்பத்திலிருந்து எடுத்தவள் அம்மா. நீலக் கட்டம் போட்ட சட்டை, மேல் வரிசையில் ஒரு பல் இல்லை, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற ஒரு பையன். கீழே பெரிய எழுத்தில், "எங்கள் சிட்டுவின் நினைவாக." அத்தை அதைப் படம் பிடித்துக் குடும்பக் குரூப்பில் போட்டு, எல்லோரும் கைகூப்பும் பொம்மையாக அனுப்பிக்கொண்டிருந்தபோது உன் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். "அம்மா, அது நான்" என்றாய், உடனே வைத்துவிட்டாய்.

அம்மா முதலில் நம்பவில்லை. "அந்தச் சட்டை சிட்டுவோடது, என் கையால தச்சது, முகம் மறந்தாலும் தச்ச துணியை மறப்பேனா" என்றாள். போட்டோவை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உனக்கென்று தைத்த சட்டை அது. நீ வளர்ந்த பிறகு சிட்டுவுக்கு வந்தபோது காலர் நைந்துபோயிருந்ததால் பிரித்துத் திருப்பித் தைத்தாளாம், போட்டோவில் இருந்ததோ திருப்பாத காலர். "காலரைப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், நான் காலரைக்கூடப் பாக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்பாவின் கதை இதைவிட மோசம். ஒரு புள்ளி விலகினாலும் கண்டுபிடித்துவிடுகிற மனிதர், முந்நூறு போஸ்டரையும் ஒவ்வொன்றாக லென்ஸ் வைத்துப் பார்த்தவர். "சிவப்பு சரியா விழுந்திருக்கான்னு பாத்தேன், நீலம் சரியா விழுந்திருக்கான்னு பாத்தேன், பையன் யாருன்னு பாக்கலடி" என்றார் என்னிடம். அன்று அவர் டீயைக்கூடக் குடிக்கவில்லை. நான் சிட்டுவை நேரில் பார்த்ததில்லை, அவன் போய் ஒரு வருடம் கழித்துப் பிறந்தவள், அதனால் என் மேல் குற்றம் இல்லை என்று நினைத்தேன். பிறகு அந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. உனக்கு ஒன்பது வயதான அந்தப் போட்டோவுக்கு அடுத்து நீ வருவது மீசை அரும்பின முகத்தோடு, என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு. நடுவில் நாலு வருடம் நீ எந்தப் பக்கத்திலும் இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன், அம்மா கட்டும் கயிறு அப்படியே நின்றுவிட்டது. "எழுதியாச்சா" என்றாள். எழுதியாச்சு என்றேன். "சரி, இருக்கட்டும்" என்றாள்.

மறுபடி அச்சடிக்க நேரமில்லை, அச்சகத்தில் பரீட்சைத் தாள் வேலை, மிஷினைத் தொட முடியாது. முகத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அம்மாவுக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. "அவன் முகத்தை மறைக்கணுமா? மறைச்சது போதும்" என்றாள். அதனால் அப்பாவும் நானும் வாளியும் சுரண்டியுமாக இரண்டு நாள் தெருத்தெருவாகப் போய் அத்தனையையும் எடுத்தோம். மருந்துக்கடைக்காரர், "ஒட்டறப்ப காசு குடுக்காம ஒட்டினீங்க, கிழிக்கறப்பவாவது சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டுப் போங்க" என்றார், அப்பா அவரிடமே விற்பனைக்கு நாலு பழைய புத்தகம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எடுக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்று, இந்த ஹால் வாசலில் கண்ணாடி போட்ட நோட்டீஸ் பலகையில் ஹெட்மிஸ்ட்ரெஸ் மாட்டிப் பூட்டியது. சாவி ஆபீஸ் கிளார்க்கிடம், கிளார்க் மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், சாவியும் கல்யாணத்துக்குப் போயிருக்கிறது. இன்று காலை முதல் அம்மா அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும், "இது என் பெரிய பையன், நல்லா இருக்கான், வெளியூர்ல வேலை பாக்கிறான், படம் மாறிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சிலர் சிரித்தார்கள், சிலர் முகம் ஒரு மாதிரி ஆனது, அம்மா எதற்கும் கவலைப்படவில்லை, நூறு பேருக்கு மேல் சொல்லியிருப்பாள்.

விற்பனை நன்றாக நடந்தது அண்ணா. அட்டை கிழிந்த புத்தகங்களுக்கு அப்பா புது அட்டை போட்டிருந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதாக மூன்று வாங்கினார், "கண்ணு தெரியற வரைக்கும் தீரக் கூடாது பாரு" என்றார். எங்கள் கணக்கு சார் தான் கொடுத்த புத்தகத்தைத் தானே காசு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார், ஓரத்தில் எழுதியிருந்ததை வேறு யாரும் படித்துவிடுவார்களோ என்ற பயம், நான் முன்பே படித்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

மூன்று மணி இருக்கும். பருத்தித் துணிப்பையோடு ஒரு அம்மாள் வந்தார், தலை முழுக்க நரை, நடையில் மட்டும் அவசரம். நோட்டீஸ் பலகை முன்னால் நின்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார், "இவன் நம்ம படிக்கட்டுப் பையன் ஆச்சே" என்றார். அம்மா வழக்கமான வாக்கியத்தை ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அந்த வார்டில் இருந்த நர்ஸ், சிட்டுவை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டவர். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அம்மா, "படம் மாறிடுச்சு சிஸ்டர், இது சிட்டு இல்ல, பெரியவன்" என்றாள். "பெரியவன்னு எனக்குத் தெரியாதா, சிட்டு முகம்தான் மருந்துல ஊதிப் பொம்மை மாதிரி இருக்குமே. இந்த மூஞ்சியை நான் ரெண்டு வருஷம் தினமும் நாலரை மணிக்குப் பாத்தவம்மா" என்றார். இனி அவர் சொன்னது எல்லாம் உனக்குத் தெரியும், எங்களுக்குத்தான் தெரியாது, தெரிந்துவிட்டது என்று உனக்குச் சொல்வதற்காக எழுதுகிறேன். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வார்டு இருக்கும் மாடிக்கு விடமாட்டார்கள், நீ அப்போது தங்கியிருந்த அத்தை வீட்டிலிருந்து டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு வருவாய், பின்பக்கப் படிக்கட்டில் மூன்றாவது படியில் உட்கார்ந்து நோட்டில் ஒரு பக்கம் எழுதி, கிழித்து, சிஸ்டரிடம் மேலே கொடுத்தனுப்புவாய். பிரேக் இல்லாத பஸ்ஸின் கதை. எந்த ஸ்டாப்பிலும் நிற்காத பஸ், ஏற வேண்டியவர்கள் எல்லாம் ஓடி வந்து குதிக்க வேண்டும், தினம் ஒருவர் குதிப்பார். ஆட்டுக்குட்டியோடு மாட்டு டாக்டர், ஒற்றைச் செருப்போடு ஹெட்மாஸ்டர், மூன்று நாள் குதிக்க முயன்று தோற்ற டிக்கெட் பரிசோதகர். சிட்டு மருந்து ஏறும்போது, "இன்னைக்கு யாரு குதிச்சாங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பானாம்.

அம்மா அந்தத் தாள்களைப் பார்த்திருக்கிறாள். சிட்டுவுக்குப் படித்துக் காட்டியதே அவள்தான். சிஸ்டர் எழுதுகிறார் என்று நினைத்திருக்கிறாள், ஒருநாள் நன்றிகூடச் சொல்லியிருக்கிறாள். "நீங்க நன்றி சொன்னீங்க, நானும் தலையை ஆட்டிட்டேன். படிக்கட்டுல புள்ளைய உக்கார விட்டேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும், அதனால அவன்கிட்ட, யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். சின்னப் புள்ள, எப்பவாவது சொல்லியிருப்பான்னு நெனச்சேன், இத்தன வருஷமா சொல்லலையா" என்றார். அந்தத் தாள்கள் தலையணைக்கு அடியில் இருந்தனவாம், கட்டிலைக் காலி செய்தபோது மற்றதோடு போய்விட்டன. இந்த உலகத்தில் அந்தக் கதை இப்போது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

அம்மா அழவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள், அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள், கணக்கு சாருக்கு மீதிச் சில்லறை கொடுத்தாள், ஐந்து மணிக்குக் கதவு மூடும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எல்லோரும் போன பிறகுதான் வாயைத் திறந்தாள். இனி வருவது அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது, ஒரு எழுத்து மாற்றவில்லை.

"கண்ணா. அத்தை போன் பண்ணி, பையன் டியூஷனுக்கே போறதில்ல, எங்கயோ சுத்தறான்னு சொன்னா. ஞாயித்துக்கிழமை நீ வந்தப்ப ஆஸ்பத்திரி கேட்டு முன்னாடி, அத்தனை பேர் பாக்க உன்னை அடிச்சேன். தம்பி உயிருக்குப் போராடறான், உனக்கு ஊர் சுத்தறது கேக்குதான்னு கேட்டேன். நீ ஒண்ணுமே பேசல. அன்னைக்கு நீ பேசாம நின்னதைத் திமிருன்னு நெனச்சேன். இன்னைக்கு மூணு மணியிலேருந்து அந்த அடி என் கையில எரியுது. பதினோரு வயசு, ரெண்டு பஸ் மாறி வந்திருக்க, உனக்குப் பசிச்சிருக்கும், யாரு என்ன குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியல. சிஸ்டர் பிஸ்கட் குடுப்பாங்களாம். அவங்களைக் கும்பிட்டேன். உன் சட்டையைப் பிரிச்சு அவனுக்குத் தச்சேன், உன் கட்டிலை அவனுக்குக் குடுத்தேன், உன்னைத் தூக்கி அத்தை வீட்டுல விட்டேன், எல்லாத்துக்கும் காரணம் இருந்துச்சு, அந்தக் காரணத்தையெல்லாம் நான் சொல்லிக்கிட்டே வந்தேன், நீ கேட்டுக்கிட்டே வந்தே. கடைசியில உன் முகத்தையும் எடுத்து அவன் பேருக்கு மேல ஒட்டிட்டேன். தெரியாம செஞ்சேன்னு சொல்ல மாட்டேன். தெரிஞ்சிருக்கணும். நான் பெத்தவ, எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நீ கோவமா இருந்தா இரு. எத்தனை நாள் வேணுமோ இரு. ஆனா எங்களுக்கு உன் நெனப்பே இல்லைன்னு மட்டும் நெனச்சுக்கிட்டு இருக்காதே."

இங்கே நிறுத்திவிட்டு அம்மா முகம் கழுவப் போனாள். அதற்குள் அப்பா வேனோடு வந்துவிட்டார். நான் இதுவரை எழுதியதை நின்றுகொண்டே படித்தார், இரண்டாவது முறை உட்கார்ந்து படித்தார். சிஸ்டர் வந்தபோது அவர் பின்கட்டில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார், விற்கிற நேரத்தில் அம்மாவும் சொல்லவில்லை, படிக்கட்டு விஷயத்தை அவர் தெரிந்துகொண்டதே இந்தத் தாளில்தான். ஏதாவது சொல்லுங்கள், எழுதுகிறேன் என்றேன். "பெரியவன் அங்க எந்த ஷிப்ட்னு கேளு" என்றார். அது கடிதத்தில் கேட்கிற விஷயமா அப்பா என்றேன். போய் இரண்டு கட்டுகளை வேனில் வைத்துவிட்டு வந்தார். "எழுது. ரெண்டு வருஷம் உங்கப்பன் வேலையிலயும் ஆஸ்பத்திரியிலயும்தான் இருந்தான், அத்தை வீட்டுப் பக்கம் மாசத்துக்கு ஒரு தடவைகூட வரல. வந்திருந்தா நீ எங்க போறேன்னு கேட்டிருப்பேன். அவ்வளவுதான், வேற எனக்குச் சொல்லத் தெரியல" என்றார்.

இனி உன்னிடம் கேட்க வேண்டிய விஷயம், இதற்குத்தான் இந்தக் கடிதமே. இன்று வந்ததோடு முன்பே சேர்ந்ததையும் வைத்துப் பார்த்தால் இரண்டு பம்ப் வாங்கிவிடலாம், மூன்றாவதற்குப் பாதி வழி வந்திருக்கிறோம், அதற்கு அடுத்த விடுமுறையில் இன்னொரு விற்பனை வைத்துக்கொள்ளலாம் என்று ஹெட்மிஸ்ட்ரெஸ் சொல்லிவிட்டார். ஒவ்வொரு பம்ப்பிலும் கொடுத்தவர் பெயரோடு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார்களாம், அதை அப்பா அச்சடிக்கிறார். முதலில் சிட்டுவின் பெயர் மட்டும் என்று இருந்தது. இன்று சிஸ்டர் போன பிறகு அப்பாவின் பழைய லேபிள் ஒன்றின் பின்பக்கம் அம்மா வேறு மாதிரி எழுதினாள், "சிட்டுவும் அவன் அண்ணனும்" என்று. அழகாக இருக்கிறது, உடனே அச்சுக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். அம்மா லேபிளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். "அவனைக் கேக்காம ஒரு தடவை போட்டாச்சு. இந்தத் தடவை அவன் சொல்லட்டும். சரின்னா போடுவோம், வேணாம்னா சிட்டு பேரோட நிக்கட்டும், எதுவா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்" என்றாள். ஒன்றுதான் என்று சொன்னபோது முகம் அப்படி இல்லை, உள்ளது உள்ளபடி எழுதுவேன் என்றதால் இதையும் எழுதுகிறேன். ஸ்டிக்கர் இல்லாவிட்டாலும் பம்ப் ஓடும், குழந்தைகள் காத்திருக்க மாட்டார்கள், அதனால் அவசரப்படாமல் யோசித்துச் சொல். என் பங்குக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன், அந்த பஸ் கடைசியில் எப்படி நின்றது? சொல்ல விருப்பமில்லை என்றால் வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, குளிர்காலம் முடிந்துவிட்டது என்று கம்பளிச் சட்டையை உள்ளே வைத்துவிடாதே என்று அம்மா சொல்கிறாள். நீ இப்போது எப்படி இருக்கிறாய் என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, செல்போனில் எடுத்தால் போதும், பிரேம் போடுகிற வேலை தன்னுடையது என்கிறார் அப்பா. நோய் நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல், நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும், நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள், ஒன்றாகச் சேர்த்து எழுதிவிட்டேன். ஸ்டிக்கர் விஷயத்தை மறந்துவிடாதே, போன் செய்ய முடியாவிட்டால் ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை அனுப்பினாலும் போதும்.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா
அப்பா

(இரண்டு கையெழுத்தும் அவரவர் போட்டது. அம்மா தன் கையெழுத்துக்குக் கீழே ஏதோ எழுதப் போய் நிறுத்திவிட்டு, பேனாவை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். அப்பா வேனில் ஹாரன் அடிக்கிறார். வாட்ச்மேன், "பூட்டணும் பாப்பா, வீட்டுல போய் எழுதக் கூடாதா" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, நான் எழுந்திருக்காததைப் பார்த்து ஹாலின் விளக்குகளை அணைத்துவிட்டார்.)